மூக்கன் இறக்கிய கள்ளு

எண்பத்தோராம் ஆண்டு சித்திரை மாதம், கள்ளுத் தவறணை மனேச்சர் சிவராசா மூக்கனுடைய கள்ளு முட்டியை மூன்றாவது தடவையாகவும் வாசலோடு திருப்பி அனுப்பினார். பன்னாடையால் வடித்து ஒரு மிடறு வாயில் விட்டவர் அதை அப்படியே வேலியோரம் துப்பினார். இதைக் கள்ளென்று ஊற்றிக் கொடுத்தால் குடிக்கிற சனம் முட்டியைத் தன்ர தலையில்தான் கவிழ்க்கும் என்றார். மூக்கன் முட்டியைத் தூக்கித் தோளில் வைத்தான், நடந்தான்.

ஆள் மாத்தளைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். எழுபத்தேழுக் கலவரத்தில் குடியிருந்த லயத்துக்கு நெருப்பு வைத்தபோது மனுசி பேச்சியம்மாவோடு லொறி ஏறி வந்து, கிளிநொச்சிக்குக் கிழக்கே காடு வெட்டின துண்டொன்றில் கொட்டில் போட்டான். அன்று தொட்டு யோகலிங்கத்தாரின் வயலில் கூலி. யோகலிங்கத்தார் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் வாய்க்கால் காணி கிடைத்து வந்தவர். நல்லவர்தான், ஆனால் வாய் சும்மா கிடக்காது. விடியக் கொட்டில் வாசலில் நின்று “கூலி, எழும்பியாச்சோ?” என்று கூப்பிடுவார். அவருக்கு அது பகிடி. மூக்கனுக்கு அந்தச் சொல் தோட்டத்துக் கங்காணியின் வாயிலிருந்து வருகிற மாதிரியே கேட்கும். அந்தச் சொல்லை விட்டுத் தப்பத்தான் இவ்வளவு தூரம் வந்தது என்று பேச்சியம்மாவிடம் பலமுறை சொல்லியிருக்கிறான்.

அவனுக்கு மரம் ஏறத் தெரியும். மலையில் கித்துள் மரம் சீவிப் பாணி காய்ச்சின கை. யோகலிங்கத்தாரின் வயற்கரையில் சும்மா நின்ற பனைகளைப் பங்குக்குக் கேட்டான். அவர் சிரித்துவிட்டுச் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. வைகாசியில் வருகிற வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு முன்னம், தவறணையை நடத்துகிற கள்ளிறக்குவோர் சங்கம் அவனை உறுப்பினனாகச் சேர்த்துக் கள்ளை எடுக்கவேண்டும். இல்லையென்றால் மரங்கள் நல்லதம்பியின் மருமகனுக்குப் போகும், மூக்கன் பழையபடி முழுநேரமும் வயலுக்கு வரவேண்டும். சங்கத்தில் சேராதவன் தொடர்ந்து கள் இறக்கினால் பொலிஸ் வரும், அது வேறு கதை.

நல்லதம்பி என்பவர் அந்தப் பகுதியில் சீவுகிற ஆக்களுக்குப் பெரிய கை. தகப்பன், பாட்டன் எல்லாம் பனையில் வளர்ந்த குடும்பம். சங்கத்தில் யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்பது அவர் தலையாட்டுவதில்தான் இருந்தது.

மூக்கனின் கள்ளில் என்ன பிழையென்று ஊருக்கே தெரியும். எங்கட பக்கத்தில் கள்ளு முட்டியை ஒருவரும் தேய்த்துக் கழுவ மாட்டார்கள். நேற்றைய மண்டி கொஞ்சம் அடியில் கிடக்கவேண்டும். புதுச்சாறு அதன்மேல் விழ, விடியுமுன்னமே பொங்கி, நுரைத்து, இறக்கும்போதே குடிக்கிற பதத்தில் இருக்கும். மூக்கனோ கித்துள் பழக்கத்தில் முட்டியைக் கொதிதண்ணீர் ஊற்றிக் கழுவி, அடுப்புப் புகையில் கவிழ்த்துக் காயவைத்துத்தான் மரத்தில் கட்டுவான். பாணி காய்ச்சுகிறவன் செய்கிற வேலை அது. விடிய இறக்கினால் தித்திப்பு, போதாததற்குப் புகை மணம்.

நல்லதம்பி ஒருநாள் இதை அவனிடம் நேரே சொன்னவர்தான். மூக்கன் வீட்டில் போய்ச் சொல்ல, முட்டி கழுவுகிற பேச்சியம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டாள்.

“நாறுன சட்டியில சோறாக்குவியா? அப்புறம் இது மட்டும் என்ன?” என்று கேட்டாள்.

மூக்கனுக்கும் அது சரியாகத்தான் பட்டது. தவிர, திருப்பி அனுப்பின கள்ளை அவன் வீட்டில் கொட்டவில்லை. வயல் வேலை முடிந்து வந்து பின்னேரத்தில் குடித்தான். மூன்று தடவையும் குடித்தான். அதில்தான் அவனுக்கு ஒரு பிடி கிடைத்தது.

அடுத்த ஞாயிறு அவன் தவறணைக்குப் போய், ஆர் கள்ளென்று தெரியாமல் ஊற்றிக் குடித்துப் பார்த்துவிட்டுத் தன்னைக் கழிக்கச் சொன்னான். பேரைக் கேட்டுத் துப்புகிறார்களா, ருசியைக் கண்டு துப்புகிறார்களா என்று தனக்குத் தெரியவேண்டும் என்றான். சிவராசாவுக்குக் கோபம் வந்தது. நல்லதம்பிக்கு வரவில்லை. கேட்கிற ஆளுக்குக் காட்டிவிடுவோம் என்றார்.

நாலு பேருடைய முட்டியும் மூக்கனுடையதுமாக ஐந்தையும் சிவராசா உள்ளே வைத்து, ஒரே மாதிரி மடித்த பனையோலைப் பிளாக்களில் ஊற்றிக்கொண்டு வந்தார். குடிக்க நல்லதம்பியும் யோகலிங்கத்தாரும் இன்னும் இரண்டு மூன்று பழைய வாடிக்கைக்காரரும் மரத்தடியில் குந்தியிருந்தார்கள். முதலாவதைக் குடித்துவிட்டு இது குளக்கட்டு மரம், தண்ணிக்குப் பக்கத்தில் நின்றதால் பெலன் குறைவு என்றார்கள். இரண்டாவது ஆண் பனை, நாக்கில் ஊசி குத்துகிறது என்று புகழ்ந்தார்கள். மூன்றாவதைப் பற்றிச் சண்டை வந்தது. மணல் காணி என்றார் ஒருவர், இல்லை, பாளை முற்றிப்போச்சு என்றார் மற்றவர். யோகலிங்கத்தார் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு மிடறையும் வாயில் உருட்டினார். கோயில் தீர்த்தத்துக்குக்கூட அவ்வளவு பக்தி காட்டியிருக்க மாட்டார்.

நாலாவது பிளா வந்ததும் ஒருவரும் யோசிக்கவில்லை. வாயில் வைத்த உடனேயே எல்லாரும் மூக்கனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“எங்கட வீட்டில சீனி முடிஞ்சுபோச்சு,” என்றார் யோகலிங்கத்தார். “இதில ஒரு முட்டி அனுப்பிவிடு. தேத்தண்ணிக்குக் காணும்.”

மரத்தடி முழுக்கச் சிரித்தது. ஒருவர், அடுப்படிக் குசினிக்குள் இருந்து குடிக்கிற மாதிரிக் கிடக்கு என்றார். ஐந்தாவதைக் குடித்துப் பார்க்கவும் மறந்துபோனார்கள். பேர் தெரியாமல் குடித்தும் பேரைச் சொல்லிவிட்டார்களே என்று சிவராசா பிளாக்களைப் பொறுக்கத் தொடங்கினார்.

மூக்கன் எழும்பவில்லை.

“இப்ப குடிச்சது காலைக் கணக்கு,” என்றான். “சாயந்தரம் இதே அஞ்சையும் குடிச்சுப் பாருங்க. அப்பவும் துப்புனீங்கன்னா நான் கத்திய கீழ வச்சிடுறேன்.”

சிவராசா ஏலாது என்றார். விடியக் கள்ளு விடியவே விற்கவேண்டியது, பின்னேரம் குடிக்க அது என்ன பழஞ்சோறா என்று கேட்டார். மூக்கன் நல்லதம்பியைத்தான் பார்த்தான்.

“சாயந்தரமும் தவறணை தொறக்குதுதானே, அண்ணே? அப்ப வர்றவங்க எதக் குடிக்கிறாங்க?”

நல்லதம்பி தாடியைச் சொறிந்தார். பின்னேரம் தவறணைக்கு வருகிறவர்கள் குடிப்பது விடிய மிஞ்சினதை. அது புளித்து வினாகிரியாகிக் கிடக்கும், முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்துவிட்டுச் சிவராசாவைத் திட்டிவிட்டுப் போவார்கள். மிச்சத்தைக் கழிவுநீர்க் கானுக்குள் ஊற்றுவார்கள். எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். கள்ளென்றால் அப்படித்தான் என்று விட்டிருந்தார்கள்.

“சரி, முட்டியள் கிடக்கட்டும்,” என்றார் நல்லதம்பி.

மூக்கன் ஐந்து முட்டிக்கும் காவலாக அங்கேயே குந்தினான். ஒருவரும் கை வைக்கவும் கூடாது, தான் கை வைத்ததாக ஒருவர் சொல்லவும் கூடாது என்று சிவராசாவையும் பக்கத்தில் இருக்கச் சொன்னான். சிவராசா கொஞ்ச நேரம் இருந்து பார்த்தார், பிறகு கதிரையிலேயே நித்திரையாகிவிட்டார். வெயில் ஏறி மரநிழல் நகர, மூக்கனும் நிழலோடு நகர்ந்தான். பேச்சியம்மா சோறு கொண்டு வந்தாள். விடிய நடந்ததை யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

“வேணும்னா நாளையிலருந்து நான் கழுவாம தர்றேன்,” என்றாள், முகத்தை மற்றப் பக்கம் வைத்துக்கொண்டு.

அவள் அப்படி இறங்கி வந்தது அவனுக்கு மரத்தடிச் சிரிப்பைவிடப் பெரிய அடியாக இருந்தது. “நீ கழுவு,” என்று மட்டும் சொன்னான்.

பின்னேரம் எல்லாரும் வந்தார்கள். வேடிக்கை பார்க்க வேறு ஆக்களும் சேர்ந்திருந்தார்கள். சிவராசா பழையபடி உள்ளே போய், வரிசையை மாற்றி ஊற்றிக்கொண்டு வந்தார். முதற் பிளாவை யோகலிங்கத்தார் வாங்கி, விடிய உருட்டின மாதிரி உருட்டப் பார்த்தார், முடியவில்லை. பல்லுக் கூசிவிட்டது. அடுத்ததும் அப்படித்தான். மூன்றாவதை நல்லதம்பி குடித்தார், துப்பினார். துப்பின பிறகு பிளாவைக் கிட்டப் பிடித்து மணந்தார். அது அவருடைய சொந்தக் கள். விடிய ஊசி குத்துகிறதென்று எல்லாரும் புகழ்ந்த அதே ஆண் பனை.

நாலாவதும் புளித்துத்தான் கிடந்தது. ஐந்தாவது பிளாவில் நுரை விளிம்பில் நின்றது. நல்லதம்பி ஒரு மிடறு குடித்தார். துப்புவார் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிளாவை நிமிர்த்தி முழுக்கக் குடித்துவிட்டுச் சிவராசாவிடம் திரும்ப நீட்டினார். இரண்டாவதையும் குடித்து முடித்தார். மூக்கனைக் கழித்தால் மரங்கள் அவருடைய மருமகனுக்கு. அது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

“புகை கிடக்குத்தான்,” என்றார் கடைசியில். “ஆனா இது கள்ளு. மற்றதெல்லாம் இப்ப ஊறுகாய் போடத்தான் சரி.”

யோகலிங்கத்தார் பிளாவை வாங்கிப் பார்த்தார். புகை மணக்கிறது என்று அவர் இரண்டுதரம் சொன்னார், சொல்லிக்கொண்டே வெறும் பிளாவை நீட்டினார். சுட்ட கருவாட்டோடு அந்தப் புகை ஒத்துப்போகும் என்று வாடிக்கைக்காரர் ஒருவர் சொல்ல, கருவாடு எங்கே என்று இன்னொருவர் கேட்டார்.

நல்லதம்பி சிவராசாவைக் கூப்பிட்டு, இவனைச் சங்கத்தில் சேர்த்து எழுது, இவனுடைய கள்ளைப் பின்னேர விற்பனைக்கு வை என்றார். பிறகு மூக்கனிடம் திரும்பி, முட்டியைப் புகையில் காட்டுவதை விட்டுவிடச் சொன்னார்.

“பொகைய விட்டுடுறேன் அண்ணே, வெயில்ல காயவச்சுக்கலாம். சுடுதண்ணியில கழுவுறத விடமாட்டேன்.”

“கழுவினாத்தான் உனக்குப் பின்னேர விற்பனை. மண்டி விட்டியெண்டா நீயும் எங்களோட விடியத்தான் நிக்கவேணும்,” என்றார் நல்லதம்பி. அதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வரவில்லை. தன்னுடைய முட்டியைத் தூக்கிக் கானுக்குள் கவிழ்த்துவிட்டுப் போனார்.

சூரியன் பனைக்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. மூக்கனுக்குப் பின்னேரச் சீவல் கிடந்தது. கத்திப் பெட்டியை இடுப்பில் கட்டினான். யோகலிங்கத்தார் மூன்றாவது பிளாவோடு பின்னால் வந்தார்.

“எல்லாம் சரி மூக்கன், நாளைக்கு நாற்றுப் பிடுங்க ஆள் வேணுமே. ஆர் வாறது?”

மூக்கன் நடந்துகொண்டே சொன்னான்.

“வேற ஆளப் பாத்துக்குங்க, ஐயா. எனக்கு மரம் இருக்கு.”