கொண்டையில் மல்லிகை

டி.வி.யில் அந்தப் பழைய நடிகையின் கனத்த குரல் பாட ஆரம்பித்ததும், சாம்பிராணியும் மல்லிகையும் கலந்த வாசனை என் மூக்கில் ஏறிவிட்டது.

எனக்கு அப்போது ஏழு வயதிருக்கும். புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலம். சினிமாவில் பேர் வாங்கிய இதே அம்மாள் எங்கள் ஊருக்கு வந்து, புருஷன் செத்தவளும் பூ வைக்கலாம் என்று மேடையேறிப் பேசினார். "கூத்தாடி பேச்சைக் கேட்கப் போகிறவளுக்கு நற்கருணை கிடையாது" என்று எங்கள் மாதா கோயில் சாமியார் பிரசங்கத்தில் முன்பே சொல்லியிருந்தார். விதவையான என் அம்மா போனாள்.

மறு ஞாயிறு பூசையில் அம்மாவின் முக்காட்டுக்குள்ளிருந்து மல்லிகை மணந்தது. முழங்காலிட்டிருந்த பெண்களுக்கு வரிசையாக நற்கருணை அப்பம் கொடுத்துவந்த சாமியார், அம்மாவைத் தாண்டிப் போனார். அம்மா எழவில்லை. திறந்த வாயை மூடவுமில்லை.

அடுத்திருந்த மீன்கார செசிலியக்கா, நீட்டிய நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"மொதல்ல அவளுக்குக் குடுங்க சாமி. நானுந்தான் போனேன்."

அதற்கடுத்தவளும் வாயை மூடிக்கொண்டாள். அவளுக்கு அடுத்தவளும்தான். சாமியார் முகம் சிவக்கத் திரும்பி வந்து அம்மாவின் நாக்கில் அப்பத்தை வைத்தார்.

வெளியே வந்ததும் கேட்டேன்: "பூவக் கழட்டிட்டுப் போயிருந்தா குடுத்திருப்பாருல்லம்மா?"

"குடுத்திருப்பாரு. அப்புறம் சாவுற வரைக்கும் கழட்டிக்கிட்டே இருக்கணும்."

இன்று ஞாயிறு. என் கணவர் இறந்து ஒரு மாதம் ஆகிறது. என்னைப் பூசைக்கு அழைத்துப்போக நாத்தனார்கள் கூடத்தில் காத்திருக்கிறார்கள். டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு, மல்லிகைச் சரத்தை எடுத்துக் கொண்டையில் சுற்றினேன்.