ஃபூர் தீவுக் கப்பலில் கட்டிய சாரம்

இந்தக் குளிர் நாட்டின் ஹேர்னிங் நகரில் நம்மவர்களுக்கென்று முதல் பலசரக்குக் கடை திறந்தவன் நான். கோயிலுக்கு இடமே கிடைக்காது என்றார்கள். பழைய தையல் தொழிற்சாலையின் களஞ்சியத்தைப் பிடித்து, சுவர் முழுக்க நானே வெள்ளையடித்து, சாமியை வைத்தேன். எங்கள் தமிழ்ச் சங்க மண்டபத்துச் சமையல் குசினியும் என் கைவேலைதான். படித்தது ஐந்தாம் வகுப்பு. இவையெல்லாம் சங்கத்தின் ஆண்டு மலரில் இருக்கின்றன. ஒன்று மட்டும் பிழையாக வந்திருக்கிறது.

எண்பத்தைந்தாம் ஆண்டு, கோடை காலம். இங்கே இருக்க விடுவார்களா, திருப்பி அனுப்புவார்களா என்று தெரியாமல் அகதி முகாமில் கிடந்தோம். ஒருநாள் சுவரில் அறிவித்தல் ஒட்டினார்கள். நாளை காலை பஸ், பிறகு கப்பல், ஃபூர் தீவு, மாலையில் திரும்புதல். எங்களில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவர், ஊரில் வங்கிக் கிளாக்கராக இருந்தவர், வாசித்துவிட்டு வெளிறிப் போனார்.

"சும்மா கூட்டிக்கொண்டு போய்க் காட்ட நாங்கள் என்ன மாப்பிள்ளை வீட்டாரே அண்ணை? அனுப்பப் போறாங்கள்."

ஒருவரும் சிரிக்கவில்லை. எண்பத்து மூன்று கலவரத்தில் கொழும்பில் வீடு எரிந்தபின் எங்களைச் சரக்குக் கப்பலில் ஏற்றித்தான் வடக்கே அனுப்பினார்கள். காலையில் அறையில் ஒருவரும் ஒன்றையும் விட்டு வரவில்லை. அந்த வெயிலில் ஆளுக்கு மூன்று சட்டை. சான்றிதழ்களும் கலியாணப் படங்களும் இடுப்புக்குள். முகாம் அதிகாரிப் பெண் எங்கள் வீங்கிய உடம்புகளைப் பார்த்துச் சிரித்தாள்.

அக்கரை கண்ணுக்கு முன்னாலேயே தெரிந்தது. "அங்கை ஊருக்குப் போற பெரிய கப்பல் நிக்கும்" என்றார் கிளாக்கர். கப்பல் நகர்ந்ததும் ஒரு காலைத் தூக்கிக் கப்பலின் ஓரக் கம்பிக்கு மேலே போட்டார்.

பாய்ந்து பிடித்தேன். பலம் போதவில்லை. பையிலிருந்த, நான் உடுக்கிற சாரத்தை உருவி, அவர் இடுப்பைச் சுற்றிக் கம்பியோடு இறுக்கி முடிந்தேன்.

"குதிக்கிறதெண்டா கப்பலையும் இழுத்துக்கொண்டு குதியும்!"

"விடுங்கோ அண்ணை! உங்களுக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது. அதுதான் பயமில்லை."

வாசிக்கத் தெரியாதவனுக்கும் பயம் உண்டு. நானும் அதை நம்பித்தான் நின்றேன். துணி மிச்சம் இருந்திருந்தால் என்னையும் கட்டியிருப்பேன்.

தீவில் பெரிய கப்பல் இல்லை. வெளிறிய செங்குத்துப் பாறையில் கறுப்புக் கோடுகள் அடுக்கடுக்காக ஓடின. ஆதிகாலத்து எரிமலைச் சாம்பல் என்று கூட வந்த முகாம் அதிகாரிப் பெண் கையை விரித்து விளக்கினாள். தின்னப் பாணும் சொசேஜும் தந்தாள். நாங்கள் பாறைக்கு முதுகைக் காட்டி, இறங்குதுறையைப் பார்த்தபடியே பொழுதெல்லாம் வியர்த்துக்கொண்டு இருந்தோம். கிளாக்கர் ஒரு வாய் பாண் தின்று, சாம்பல் கோட்டின் கீழே தின்றதையெல்லாம் சத்தி எடுத்தார். மாலையில் அதே கப்பல் எங்களைத் திருப்பிக் கொண்டுவந்தது. பஸ் முகாம் வாசலில் நின்ற பிறகுதான் சட்டைகளைக் கழற்றினோம்.

இப்போது மலரில் கிளாக்கர் எழுதியிருக்கிறார், அன்று பயந்து தவித்த மக்களைத் தானே அமைதிப்படுத்தினாராம்.

சங்கத்தாருக்குச் சொல்கிறேன். அவர் எழுத்தில் ஒரு சொல்லையும் வெட்டவேண்டாம். அடுத்த பதிப்பில் அதன் கீழே என் பெயரைப் போடுங்கள், அவரைச் சாரத்தால் கட்டியவன் என்று. அதை எழுத அவர் உயிரோடு இருந்தது என் முடிச்சால்.