புரட்டாசிக்கு ஆதாரம் எங்கே?

கருவாட்டு வியாபாரத்தில் ஒரு வசதி உண்டு: சரக்கு எங்கே இருக்கிறது என்று தெருவே சொல்லிவிடும். அதை இணையத்தில் விற்றால் வரும் பணம் எங்கே இருக்கிறது என்று மட்டும் பிரம்மதேவனாலும் சொல்ல முடியாது.

மறைமலைநகரில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பதினோரு வருஷம் குப்பை கொட்டிவிட்டு, இனி நானே முதலாளி என்று வேலையை விட்டவன் நான். மனைவி சுகந்திக்குக் கல்பாக்கத்தில் மாதச் சம்பளம் வருகிறது, அந்த தைரியம்தான். திருவிடந்தையில் தேசம்மா அக்கா காயவைத்துக் கொடுக்கும் கருவாட்டைப் பாக்கெட் போட்டு இணையதளத்தில் விற்கிறேன். வாங்குகிறவர்கள் கட்டும் பணம் நேராக என்னிடம் வராது. நடுவில் ஒரு பேமென்ட் கம்பெனி வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டு நாள் கழித்து என் வங்கிக் கணக்குக்கு அனுப்பும். அனுப்பும் என்பது ஒரு நம்பிக்கை. அதே நம்பிக்கையில் காலம் தள்ளும் சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என்ன ரகம்?

பதிவு செய்யும்போது என்ன வியாபாரம் என்று கேட்டு ஒரு பட்டியல் காட்டினார்கள். நகை இருந்தது, யோகா வகுப்பு இருந்தது, ஜோசியம்கூட இருந்தது. கருவாடு இல்லை. 'உணவகம்' என்று போட்டால் மேசை நாற்காலியோடு படம் கேட்டார்கள். 'மளிகை' என்று போட்டால் கடை வாடகை ஒப்பந்தம் கேட்டார்கள். பட்டியலின் கோடியில் 'செல்லப்பிராணி உணவு' என்று ஒன்று இருந்தது, பக்கத்தில் ஒரு மீன் படமும் இருந்தது. அது எதையும் கேட்கவில்லை. தரக்கட்டுப்பாட்டில் தீட்டிய மூளை எவ்வளவு கூர்மை பாருங்கள், அதையே தட்டிவிட்டேன்.

மூன்று மாதம் ஒரு குறையும் இல்லை. பிறகு, மாதாமாதம் நெத்திலி வாங்கும் வேளச்சேரி அம்மா ஒருவர் போன் செய்தார். அவர் வீட்டுக்காரரின் வங்கி ஆப், மாதக் கடைசியில் செலவையெல்லாம் ரகம் பிரித்துக் காட்டுமாம். "சார், எங்க வூட்ல நாயும் கெடையாது, பூனையும் கெடையாது. இதுல செல்லப்பிராணி உணவுன்னு போட்டுகீது. எங்க வூட்டுக்காரரு சோத்துல கைய வெச்சிகினு, மூணு மாசமா எனக்கு இன்னாடி போட்டுகினு இருந்தன்னு கேக்குறாரு!"

வட்டத்துக்குள் முகம்

ரகத்தை மாற்றித் தரச் சொல்லி எழுதினேன். வீடியோவில் வந்து வியாபார இடத்தையும் சரக்கையும் காட்டினால் மாற்றுகிறோம் என்றார்கள். என் வியாபார இடம் புதுப்பட்டினத்தில் ஒரு சின்ன அறை. அதில் ஒரு தராசு, நான், வாசனை, அவ்வளவுதான். கொஞ்சம் பந்தாவாக இருக்கட்டுமே என்று திருவிடந்தைக் கடற்கரைக்கே போய், தேசம்மா அக்கா வஞ்சிரம் காயவைத்திருந்த வலைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

வீடியோவில் வந்த பெண் மகா கறார். முகம் வட்டத்துக்குள் இருக்க வேண்டும், ஆடக்கூடாது, சொன்னால் கண்ணைச் சிமிட்ட வேண்டும், அசைந்தால் முதலிலிருந்து. மூன்றாவது முறை ஒருவழியாக வட்டத்துக்குள் அடங்கி நின்றபோது, இடதுபக்கம் ஒரு நாய் வந்து இருப்பதிலேயே பெரிய வஞ்சிரத்தைக் கவ்வியது. கத்தினால் முகம் ஆடும். துரத்தினால் வட்டம் போய்விடும். நான் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே நின்றேன், நாய் அவசரப்படாமல் கிளம்பிப் போனது. முதலில் போட்ட ரகமே சரிதானோ என்று தோன்றியது. அந்தப் பெண் அப்போது கேட்டாள்: "சார், அடிக்கடி இடதுபக்கம் ஏன் பாக்குறீங்க? அங்க யாராவது உங்களுக்குச் சொல்லிக் குடுக்குறாங்களா?"

சுற்றிக்கொண்டே இருந்த முந்நூறு

கல்பாக்கத்தில் ஓய்வுபெற்ற விஞ்ஞானி ஒருவர் முந்நூறு ரூபாய்க்குக் காரப்பொடிக் கருவாடு கேட்டிருந்தார். அவர் கணக்கிலிருந்து பணம் போய்விட்டது, எனக்கு வரவில்லை, திரையில் ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஏழு வேலை நாளில் தெரியும் என்றது கம்பெனி. நான் அவர் வீட்டுக்கே போய், நாற்காலி நுனியில் உட்கார்ந்து, அதையே மரியாதையாகச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முப்பத்தெட்டு வருஷம் கண்ணுக்கே தெரியாத துகள் எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சுச் சொன்னவன் தம்பி நான். முந்நூறு ரூபா எங்க இருக்குன்னு சொல்ல ஏழு நாளா?"

ஐப்பசி ஒன்று

புரட்டாசி பிறந்தால் எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் மீன் சட்டி பரணுக்குப் போய்விடும். பெருமாள் மாதம். மீனோடு பிழைக்கிற தேசம்மா அக்காவே வாயில் வைக்கமாட்டார். வாங்க ஆளில்லாததால் மீன் சல்லிசாகக் கிடைக்கும். அக்கா அதை வாங்கி உப்புப் போட்டுக் காயவைத்துவிடுவார். ஐப்பசி பிறந்ததும் ஒரு மாதம் அடக்கி வைத்த நாக்கெல்லாம் ஒரே நாளில் விழித்துக்கொள்ளும். இந்த வருஷம் மொத்தச் சரக்கையும் எனக்கே கொடுங்கள், மூன்றாம் தேதி பணம் உங்கள் கையில் என்று சொன்னேன். அக்கா என்னை நம்பி மற்ற வியாபாரிகளைத் திருப்பி அனுப்பிவிட்டார். மழை பிடிப்பதற்குள் கடைசியாக ஒரு சுற்று மீன் ஏலம் எடுத்துக் காயவைக்க அந்தப் பணம்தான் அவருக்கு முதல். மழை பிடித்துவிட்டால் பொங்கல் வரைக்கும் ஒழுங்கான வெயில் கிடையாது, அக்காவுக்கு வருமானமும் கிடையாது.

ஒரு மாதம் ஈயோட்டிக்கொண்டிருந்த தளத்தில் ஐப்பசி ஒன்றாம் தேதி காலை பத்து மணிக்குள் நூற்றுப் பன்னிரண்டு ஆர்டர். சுகந்தியிடம் போனை நீட்டி, வேலையை விட்டது சரிதானே என்று கேட்டேன். சாயங்காலத்துக்குள் பாதிப் பார்சலை அனுப்பியும்விட்டேன். அப்போதுதான் செய்தி வந்தது: திடீரென்று விற்பனை உயர்ந்தது சந்தேகத்துக்கு உரியது, பணம் நிறுத்திவைக்கப்படுகிறது. உடனே போன் போட்டேன். தமிழ் தெரிந்த ஆளைக் கேட்டு வாங்கினேன், அவர் வளர்ந்தது டெல்லியாம். புரட்டாசி, விரதம், நாக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "புரியுது சார். ஆனா இந்த நூத்திப் பன்னெண்டு பேரும் முன்னாடியே கூடிப் பேசி வெச்சுக்கிட்டாங்களா?"

சீல்

மறுநாள் மின்னஞ்சல் வந்தது. விற்பனை ஒரு மாதம் ஏன் இல்லை, பிறகு ஏன் வந்தது என்பதற்கு ஆவணம் இணைக்கவும். புரட்டாசிக்கு ஆவணம் தேடி நான் எங்கே போவேன்? பெருமாள் கோவிலில் சனிக்கிழமைக் கூட்டத்தின் படத்தை அனுப்பினேன். அதில் உங்கள் கடை தெரியவில்லையே என்றார்கள். கிழித்துப் போட்டிருந்த தினசரி காலண்டர் தாள்களில் புரட்டாசி கடைசியையும் ஐப்பசி முதலையும் தேடியெடுத்து அனுப்பினேன். ஆவணத்தின் தேதி கடந்துவிட்டது, செல்லுபடியாகும் ஆவணம் அனுப்பவும் என்று பதில் வந்தது. புத்தி உள்ளவன் அங்கேயே நிறுத்தியிருப்பான். நான் அந்த இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு செங்கல்பட்டில் ஒரு நோட்டரி வக்கீலிடம் போனேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பின்னால் இருந்த ராசிபலனையும் படித்தார், சீலை ஊதி ஓங்கிக் குத்தினார். "இருவத்தஞ்சு வருசமா சீல் குத்திகினு கீறேன் தம்பி. ஐப்பசி ஒண்ணாந் தேதி நெசமாலுமே வந்துச்சுன்னு கையெழுத்து போடுறது இதான் மொத தபா."

திருக்கழுக்குன்றம் வழி

இதற்குள் மூன்றாம் தேதி போய், நான்கு போய், ஆறும் வந்துவிட்டது. அக்கா இரண்டு தரம் போன் செய்தார். நான் எடுக்கவில்லை. பணம் வந்ததும் நல்ல சேதியோடு பேசலாம் என்று சுகந்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் பயம், வெட்கம். வழக்கமாகப் பார்சல் போடுவது கோவளத்தில். ஈ.சி.ஆரில் திருவிடந்தையைத் தாண்டித்தான் போக வேண்டும். அதனால் மீதிப் பார்சல்களைத் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டேன். ஒருநாள் பழக்கதோஷத்தில் வண்டி ஈ.சி.ஆரிலேயே போய்விட்டது. சாலையோரம் அக்கா நிற்பதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். ஹெல்மெட் போட்டிருக்கிறேனே, அடையாளம் தெரிந்திருக்காது என்று நினைத்தேன். பின்னால் இருக்கும் பெட்டியில் கடைப் பெயரை ஓரடி உயர எழுத்தில் எழுதி வைத்தவனும் நான்தான்.

எட்டாம் நாள் பணத்தை விட்டார்கள். காரணம் எதுவும் சொல்லவில்லை, உங்கள் பொறுமைக்கு நன்றி என்று மட்டும் இருந்தது. அவ்வளவையும் நோட்டாக எடுத்துக்கொண்டு, கொட்டுகிற மழையில் திருவிடந்தைக்கு ஓடினேன். ஆமாம், மழை பிடித்துவிட்டது. அக்கா காயவைக்கிற வலையைச் சுருட்டித் தார்ப்பாய்க்குள் கட்டிக்கொண்டிருந்தார். கம்பெனி, சந்தேகம், காலண்டர், நோட்டரி என்று எல்லாவற்றையும் மூச்சு விடாமல் ஒப்பித்தேன். சொல்லச் சொல்ல எனக்கே என் குரல் பிடிக்கவில்லை. அக்கா பணத்தை வாங்கி எண்ணாமல் இடுப்பில் சொருகிக்கொண்டார். "துட்டு வர்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீன்னா, ஏலத்துல கடன் சொல்லியாவது நானே மீன் எடுத்திருப்பேன் நைனா. நீ வருவ, சொல்லுவன்னு தெனிக்கும் ரோட்டாண்ட நின்னுகினு இருந்தேன். வண்டியத் திருப்பிகினு பூட்ட பாரு, அதான் பேஜாரா பூட்சி."

சக பாவிகளே, ஒரே நாளில் நூற்றுப் பன்னிரண்டு பேர் கருவாடு கேட்டார்கள் என்பதை நம்பாத கம்பெனிக்கு நான் எழுதிய மின்னஞ்சல்கள் மொத்தம் பதினேழு, என்னை நம்பி ரோட்டோரம் நின்றவருக்குச் செய்யாத போன் ஒன்றே ஒன்று.