ஒத்திகையில் நான் செத்த சாயங்காலம்

கூட்டங்களில் என்னை அறிமுகப்படுத்துகிறவர்கள் நான் இயக்கிய நாடகங்கள், கலந்துகொண்ட போராட்டங்கள் என்று நீட்டி முழக்குவார்கள். மேடையேறாத ஓர் ஒத்திகையைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது. நானும் இதுவரை சொன்னதில்லை, வெட்கம்தான் காரணம்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய என் அப்பாவுக்கு மெதுவாகப் பேச வராது. பக்கத்தில் இருப்பவரிடம் மணி கேட்டாலும் தெருமுனைக்குக் கேட்கும். அப்படிப்பட்ட மனிதர் என்னிடம் எட்டு வருஷம் ஒரு வார்த்தை பேசவில்லை. யார் யார் காலிலோ விழுந்து எனக்கு அவர் ஒரு குமாஸ்தா வேலை வாங்கித் தந்திருந்தார். இரண்டாம் வருஷமே அதை உதறிவிட்டு நாடகம் போடப் போய்விட்டேன். அவர் அடிக்கவில்லை, வீட்டைவிட்டுத் துரத்தவுமில்லை. பேச்சை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

ராயபுரத்தில் எங்கள் வீடு ஓர் அறையும் ஒரு சமையலறையும்தான். அதில் மூன்று பேர் இருந்துகொண்டு இரண்டு பேர் பேசாமலிருப்பது லேசான காரியமில்லை. "டிராமாக்காரம்மா துன்ட்டாங்களான்னு கேளு" என்று சோற்றுத் தட்டிலிருந்து நிமிராமல் அம்மாவிடம் சொல்வார். நான் இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பேன். அம்மா திரும்பி, "துன்ட்டியாடீ?" என்பாள். தலையாட்டுவேன். "துன்ட்டாளாம்" என்று அம்மா அதை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை. உழைக்கிற ஜனங்கள் வாய் திறந்து பேச வேண்டும் என்று ஊரெல்லாம் முழங்கிவிட்டு வருகிறவளுக்குச் சொந்த வீட்டில் இந்தக் கதி.

அந்தச் சமயம் எண்ணூர் ஆற்றைப் பற்றி ஒரு நாடகம் செய்துகொண்டிருந்தோம். சாம்பலும் எண்ணெயும் கலந்த தண்ணீரில் கையால் இறால் பிடித்தே வாழ்ந்த ஒருத்தி இறந்துபோகிறாள். பிணத்தைச் சுற்றி உட்கார்ந்து பெண்கள் ஒப்பாரி வைக்கிறார்கள். ஆற்றுக்கு நேர்ந்ததெல்லாம் அந்த அழுகையில் வெளியே வருகிறது. நடித்தவர்கள் காசிமேட்டில் மீன் விற்கும் பெண்கள். நாடகம் அவர்களுக்குப் புதிது, ஒப்பாரி புதிதில்லை.

சாவு மேளத்தை எங்கள் பக்கம் விளையாட்டுக்கு அடிக்க மாட்டார்கள். சத்தம் கேட்டால் போட்டது போட்டபடி கிளம்பி வந்துவிடுவார்கள். அதனால் அந்தக் காட்சி இருக்கும் நாளில் டீக்கடையிலும் தண்ணீர் லாரி நிற்கும் இடத்திலும் சொல்லிவிட்டுத்தான் தொடங்குவோம். அன்றைக்குப் பிணமாகப் படுக்க வேண்டியவளுக்குக் காய்ச்சல். நானே படுத்துவிடுகிறேன் என்று முகத்தில் மஞ்சளைப் பூசி, தாடையைச் சுற்றித் துணி கட்டி, நெற்றியில் ஒரு ரூபாய்க் காசை ஒட்டிக்கொண்ட அவசரத்தில், தெருவில் சொல்ல வேண்டியதை மறந்தேபோனேன்.

வெயில் இறங்கும் நேரம். காசிமேட்டில் வலை காயப்போடும் திடலில் ஒரு பெஞ்சில் கிடந்தேன். மேளம் ஆரம்பித்தது. எங்கள் தெருக்காரர் ஒருவர் அந்த வழியாகப் போனவர் எட்டிப் பார்த்துவிட்டு, என் வீட்டுக்கு ஓடியிருக்கிறார். அது பிற்பாடு தெரிந்தது. எது நடந்தாலும் பிணம் கண்ணைத் திறக்கக் கூடாது என்று எல்லோரையும் திட்டித் தீர்ப்பவள் நான். ஆகவே அசையாமல் கிடந்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு கை என் பாதத்தைப் பற்றியது.

"கண்ணு. யம்மா. நைனா வந்துகீறேன்மா. எழுந்து பாரும்மா."

என் அப்பாவின் குரல். யாராவது ஒத்திகையை நிறுத்துவார்கள் என்று எதிர்பார்த்தேன். நிறுத்தவில்லை. அதற்கும் நான்தான் காரணம். முன்பின் தெரியாத ஆளைச் சொல்லாமல் ஒத்திகைக்குள் அனுப்பி, இவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்ப்பது என் வழக்கம். என் அப்பாவை அவர்கள் யாரும் பார்த்ததில்லை. நான் அனுப்பிய ஆள் என்றே நினைத்து இன்னும் சத்தமாக அழுதார்கள். ஒருத்தி அவர் தோளைக் கட்டிக்கொண்டு, "போய்ட்டாளே நைனா, உம்பொண்ணு" என்று ராகம் இழுத்தாள்.

"எட்டு வருசம் உன்கைல பேசாம இருந்துட்டேனே, பாவி. இன்னா வீம்பு எனுக்கு. நீ போட்ட டிராமா அல்லாத்தையும் பாத்துகினுதாம்மா கீறேன். மார்க்கெட்டாண்ட போட்டியே, மீன்பாடி வண்டி பின்னால நின்னுகினு பாத்தேன். பின்னாடி ஒன்னியும் கேக்கலம்மா. உன் ஆளுங்க வாய்க்குள்ளயே பேசுதுங்க. சொல்லணும் சொல்லணும்னு நெனச்சேன். எந்த மூஞ்சிய வச்சிகினு சொல்றது."

அந்த இடத்திலேயே நான் எழுந்திருக்க வேண்டும். வயசான மனிதர், மாரடைப்பு வந்தால் என்ன செய்வேன் என்றுகூடத் தோன்றியது. ஆனாலும் எழவில்லை. இன்னும் ஒரு வார்த்தை, இன்னும் ஒரே ஒரு வார்த்தை என்று கிடந்தேன். அவ்வளவு ஆசையாக இருந்தது. அவ்வளவு கேவலமாகவும் இருந்தது.

அவர் கை என் நெற்றியைத் தடவியது. காசு நழுவி விழுந்தது. உடம்புச் சூடு தெரிந்திருக்க வேண்டும், அழுகை சட்டென்று நின்றது. மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தார். நான் கண்ணைத் திறந்தேன்.

கைலியோடு, காலில் செருப்பில்லாமல் நின்றிருந்தார். மேளம் ஓய்ந்தது. விஷயம் புரிந்து பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அறை விழும் என்று காத்திருந்தேன், விழுந்திருந்தால் நியாயம்தான். அவர் பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்து என் தாடைத் துணியின் முடிச்சை அவிழ்த்தார். முடிச்சு இறுகியிருந்ததால் வெகுநேரம் பிடித்தது.

"எப்போலேர்ந்து முழிச்சிகினு கீற?"

"நீ வந்ததுலேர்ந்து நைனா."

"அல்லாத்தையும் கேட்டுகினா கெடந்த?"

"ஆமா."

"ஏன் எழுந்துக்கல?"

"எழுந்தா நீ பேச்ச நிறுத்திடுவ நைனா."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் முகத்து மஞ்சளை அழுந்தத் துடைத்தார். பிறகு அதே துண்டால் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

"வா, வூட்டுக்குப் போலாம். உங்கம்மா நடுத்தெருவுல வுழுந்து அழுதுகினு கீறா."

ஓடிப்போய் ஆட்டோ பிடித்தோம். ராயபுரம் போய்ச் சேரும்வரை கையை விடாமல் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார், அம்மா வழியாக இல்லாமல், நேராக என்னையே.