நான் ஊரில் இல்லாத வாரம்

என் கணவர் அவருடைய மென்பொருள் கம்பெனியில் சுற்றுச்சூழல் குழுவின் தலைவர். பூமி சூடாகிறது, இதை நெருக்கடி இல்லை என்பவர்கள் கண்ணை மூடிக்கொண்ட பூனைகள் என்று ஸ்லைடு போட்டுப் பேசுவார். நானும் நம்பினேன். பேச்சை மட்டுமல்ல, ஆளையும்.

அந்தக் கோடையில் மெட்டுகுடாவில் எங்கள் அபார்ட்மென்டின் போர் வற்றியது. இன்னும் ஆழமாக ஒன்று போடலாம் என்றார்கள் எல்லோரும். அவர்தான் எழுந்தார். "ஆளாளுக்குத் துளை போட்டா அப்புறம் யாருக்குமே இருக்காது. லாரித் தண்ணியப் பங்கு போட்டுக்கலாம், மழைநீர்க் குழி வெட்டலாம்" என்று பேசிச் சம்மதிக்க வைத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பின்வீட்டு அக்காவுடையது மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கும் தமிழ் ரயில்வே குடும்பம். அடிபம்பு ஒன்றுதான் அவர்களுக்குத் தண்ணீர். மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து, உருது கலந்த தமிழில் சொன்னார்.

"போர் நக்கோம்மா, வேணாம். எங்க பம்பு காஞ்சு சூக்காப் போயிடும்."

"போட மாட்டோம்க்கா. எங்க வீட்டுக்காரரே சொல்லிட்டார்" என்று வாக்குக் கொடுத்தேன்.

தங்கை கல்யாணத்துக்குத் திருநெல்வேலி போய் ஒரு வாரம் கழித்துத் திரும்பினால், கார் நிறுத்தும் இடத்தில் புதுக் குழாய் நிற்கிறது. தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவரைக் கூட்டி வந்ததே இவர்தானாம். உள்ளங்கையில் படுத்திருந்த தேங்காய் எழுந்து நின்றதும் அத்தனை இன்ஜினியர்களும் கைதட்டினார்களாம். மாடிவீட்டுப் பெண் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். ஊருக்குத்தான் உபதேசம்!

"ஏங்க, நான் அக்காவுக்கு வாக்குக் கொடுத்தேனே?"

"சுத்தி எல்லாரும் போட்டுட்டாங்கம்மா. நாம மட்டும் போடலன்னா பூமி குளிர்ந்துடுமா? நீ இருந்தா விடமாட்டே. அதான் ஊர்ல இல்லாதப்பவே முடிச்சிட்டேன்."

பயந்துபோய்ச் செய்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். நாள் பார்த்துச் செய்தார். கல்யாண வீட்டுக்குத் தினமும் போன் பண்ணி, சாப்பிட்டாயா என்று கேட்டவர் இதை மட்டும் சொல்லவில்லை. அன்றைக்குப் பட்ட காயம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கோபத்தோடுதான் குளியலறைக்குப் போனேன். ரயில் அழுக்குப் போகத் தலைக்குக் குளித்துவிட்டு, துணி உலர்த்தப் பின்பக்கம் வந்தேன். பின்வீட்டில் பம்பு அடிக்கும் சத்தம் கேட்டது. வெறும் இரும்புச் சத்தம்தான், தண்ணீர் விழவில்லை. சிறிது நேரத்தில் அதுவும் நின்றது.

அக்கா காலிக் குடத்தோடு மதிலருகே வந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"கல்யாணம் நல்லா ஆச்சாம்மா?" என்று கேட்டார்.

என் கூந்தலிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.