மெட்ராசுக்குக் கொண்டுபோன கண்கள்

என் கணவரை அடக்கம் செய்தபோது நான் பக்கத்தில் இல்லை. அவருடைய கண்களை எடுத்துக்கொண்டு மெட்ராஸ் ரயிலில் போய்க்கொண்டிருந்தேன். காரைக்காலில் எங்கள் தலத்தெருவில் இதை வெகுநாள் பேசினார்கள். பேசியவர்கள் யாரும் என்னிடம் கேட்கவில்லை. இப்போது சொல்கிறேன்.

பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை விட்டுப் போய் ஓரிரு வருடம் ஆகியிருந்தது. நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவர் துறைமுக அலுவலகத்தில் எழுத்தர். என் மாமியாருக்கு அம்மை போட்டதில் இரண்டு கருவிழியும் வெளுத்துப் பார்வை போய்விட்டது. எங்களுக்குக் கல்யாணமான புதிதில் அவர் அம்மாவை மெட்ராசில் ஒரு கண்ணாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். இறந்த ஒருவரின் கருவிழியை எடுத்து வைத்துத் தைத்தால் பார்வை வரலாம் என்றார்கள். தாயும் மகனும் வாரக்கணக்கில் அங்கேயே காத்துக் கிடந்தார்கள். யாரும் கண் கொடுக்கவில்லை. அதற்குள் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பே பட்டுப்போனது. இனி எந்தக் கண்ணை வைத்தாலும் பயனில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அவருக்கு இதயத்தில் வால்வு சுருங்கிக்கொண்டே வந்தது. நாள் நெருங்குவது எங்கள் இருவருக்கும் தெரியும். ஒருநாள் என் எதிரிலேயே எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரிடம் சொன்னார்:

"நான் போயிட்டா கண்ணை எடுத்துக்குங்க டாக்டர். இவ கொண்டுபோய்ச் சேத்துருவா."

என்னைக் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை என்று நினைத்திருக்கிறார். சரியாகத்தான் நினைத்திருக்கிறார்.

டாக்டர் மெட்ராசில் விசாரித்து முறையைத் தெரிந்துகொண்டு வந்தார். குளிர்ச்சியில் வைத்தால் கண் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் தாங்கும். ஆனால் உறையக் கூடாது. காயக் கூடாது. கருவிழி மேல்நோக்கியே இருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் தடுப்பூசி மருந்து வைக்க மண்ணெண்ணெயில் ஓடும் ஒரு குளிர்பெட்டி இருந்தது. கறிக்கடையில் ஆட்டுக்கண் வாங்கி வந்து அதில் வைத்துப் பார்த்தேன். ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில் வைத்த கண் உறைந்து, எடுத்ததும் அவித்த முட்டை போல வெளுத்துவிட்டது. கீழ்த் தட்டில், உப்புநீரில் நனைத்த துணிமேல் வைத்தது மறுநாளும் கண்ணாடி மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரியிலேயே பக்கத்து அறையில் சேர்த்திருந்த அவர் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்க, நான் ஆட்டுக்கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கை பழகும்வரை விடவில்லை.

சித்திரையில் ஒரு விடியற்காலை அவர் போனார். டாக்டர் கண்களை எடுத்து, இமைகளுக்கு அடியில் பஞ்சு வைத்து மூடினார். தூங்குகிற முகமாகவே இருந்தது. இரண்டு சின்னக் கண்ணாடிக் குப்பிகளைக் குளிர்பெட்டியின் கீழ்த் தட்டில் வைத்துவிட்டு, அவர் உடலோடு வீட்டுக்கு வந்தேன்.

விஷயம் கேட்டதும் அவருடைய அண்ணன் கொதித்துப்போனார்.

"பொணம் வீட்ல கெடக்கு, பொண்டாட்டி ரயிலேறுறதா? வேற ஆளே இல்லையா?"

"டாக்டர் ஒருத்தர்தான். அவர் ஆஸ்பத்திரிய விட்டு வர முடியாது. நீங்க போறீங்களா அத்தான்? எப்படி வச்சுக்கணும்னு சொல்லித் தர்றேன்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தம்பியின் கண்ணைக் கையில் வாங்க அவரால் முடியவில்லை. அதை நான் குறையாக நினைக்கவில்லை.

"சாயந்தரத்துக்கு மேல வச்சிருக்க முடியாதும்மா, இந்த வெயில்ல" என்றார், குரல் இறங்கி.

"தெரியும். அடக்கம் பண்ணிருங்க."

மாமியார் மகனின் தலைமாட்டில் உட்கார்ந்து அவர் முகத்தைத் தடவிக்கொண்டிருந்தார். விரல்கள் இமைமேல் வந்து நின்றன. கூடியிருந்தவர்களின் அழுகை சட்டென்று அடங்கியது.

"எத்தனை மணிக்கு வண்டி?" என்று என்னைக் கேட்டார்.

சொன்னேன்.

"அப்பறம் ஏன் நிக்கிற? கெளம்பு. இங்க ஆகவேண்டியத நான் பாத்துக்குறேன்."

என் கணவரின் நெற்றியில் முத்தமிட்டுவிட்டுக் கிளம்பினேன்.

ஆஸ்பத்திரிக்குப் போய்க் குப்பிகளைப் பஞ்சில் சுற்றி, வாய் அகன்ற பிளாஸ்க்கில் ஐஸ் துண்டுகளுக்கு நடுவே நிறுத்தினேன். பேரளத்தில் வண்டி மாறி மாயவரம் போய்ச் சேர்ந்தபோது ஐஸ் பாதி தண்ணீராகியிருந்தது. மெட்ராஸ் வண்டிக்குக் கொஞ்சம் நேரம் இருந்தது. ஸ்டேஷன் வாசலில் ஒரு குல்பிக்காரர் நின்றார்.

"ஐயா, ஐஸ் மட்டும் வேணும்."

"அள்ளிக்கங்க. உப்புப் போட்ட ஐஸும்மா, நல்லா சில்லுன்னு இருக்கும்."

அதுதான் ஆபத்து. உப்பு சேர்ந்த ஐஸ் சும்மா ஐஸைவிடக் குளிர்ந்தது. கண்ணை உறைய வைத்துவிடும்.

"உப்புப் படாதது வேணுங்க."

"என்னத்துக்கு?"

"என் வீட்டுக்காரரோட கண்ணு இதுல இருக்கு. பட்டணத்துல யாருக்காவது வைக்கக் கொண்டு போறேன்."

வண்டிக்கு அடியிலிருந்து சாக்கை இழுத்து, மரத்தூளுக்குள் கிடந்த ஐஸ் பாளத்தை உடைத்துக் குழாயடியில் அவரே கழுவித் தந்தார். ஒவ்வொரு துண்டையும் நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் உள்ளே போட்டேன்.

மெட்ராஸ் வண்டியில் பிளாஸ்க்கை மடியிலேயே நிமிர்த்திப் பிடித்திருந்தேன். எதிரில் இருந்த அம்மா தயிர்சாதப் பொட்டலத்தை நீட்டினார்.

"ரெண்டு கையும் அதுலயே இருக்கே. குடுங்க, நான் வச்சிருக்கேன், நீங்க சாப்பிடுங்க."

கொடுக்கவில்லை. என்ன இருக்கிறது என்று சொன்னேன். பக்கத்திலிருந்தவர் எழுந்து தள்ளி உட்கார்ந்தார். அந்த அம்மா எழவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து, சாதத்தைப் பிசைந்து எனக்கு ஊட்டினார். அன்று முதன்முதலாக அப்போதுதான் அழுதேன். அழுகிற உலுக்கலில் குப்பி சாய்ந்துவிடுமோ என்று பயந்து நிறுத்திக்கொண்டேன். விழுப்புரத்தில் மறுபடி ஐஸ் தேடிப் போட்டேன்.

எழும்பூரில் இறங்கும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. காரைக்காலில் மண் போட்டு முடித்திருப்பார்கள். கண்ணாஸ்பத்திரியில் பெரிய டாக்டர் குப்பிகளை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "ரெண்டுமே தெளிவா இருக்கு" என்றார். அதற்குப் பிறகுதான் என்னால் உட்கார முடிந்தது.

மறுநாள் காலை இரண்டு பேருக்கு வைத்தார்கள். ஒருவர் தச்சர், மற்றவர் தறி நெய்கிற இளம்பெண். நான் ஊர் திரும்பியபோது ஸ்டேஷனில் அவருடைய அண்ணன் நின்றுகொண்டிருந்தார். பையை வாங்கிக்கொண்டு என்னை நேரே கல்லறைக்கு அழைத்துப் போனார்.

சில மாதம் கழித்து எங்கள் டாக்டர் மெட்ராஸ் போய்விட்டு வந்து விவரம் சொன்னார். தச்சருக்கு வைத்தது மங்கிவிட்டது. அந்தப் பெண்ணுக்குப் பிடித்துக்கொண்டது. மறுபடி தறியில் உட்கார்ந்துவிட்டாளாம்.

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொன்னேன்.

"அந்தப் பொண்ணுக்குப் புள்ள குட்டி உண்டா?"

"தெரியலையே அத்தை."

"அடுத்த தடவ டாக்டர் போறப்ப கேட்டுட்டு வரச் சொல்லு. அந்தத் தச்சருக்கு வேற யாரும் குடுத்தாங்களான்னும் கேக்கச் சொல்லு" என்றார். "அதுக்குள்ள, நம்ம ஊர்ல யார்கிட்டக் கண்ணு கேட்டுப் பேசலாம்னு யோசி. நானும் வர்றேன்."

அடுத்த ஞாயிறு மாதா கோயிலில் பூசை முடிந்ததும் இருவரும் கைகோர்த்துக்கொண்டு முதல் வீட்டுப் படியேறினோம்.