குழிகள் இல்லாத முகமூடி

பர்மாவில், பசுந்தாங் பேட்டையில் எங்கள் கடைக்குப் பக்கத்துப் பட்டறை குழந்தைவேலு அண்ணனுடையது. கோயில் வாகனங்களுக்கு மரம் செதுக்குகிறவர். சின்ன வயதில் பெரியம்மை வார்த்ததில் முகமெல்லாம் குழி. அதை மறைக்க, அந்த ஊர்ப் பெண்கள் பூசும் தனக்கா மரப்பட்டைச் சாந்தை அவர்களைவிடக் கனமாக அப்பிக்கொள்வார். வீட்டில் கண்ணாடியே கிடையாது. அவர் மனைவி ராணி பொட்டு வைத்துக்கொள்ள எங்கள் வீட்டுக்குத்தான் வருவாள். கட்டியவளுக்கு ஒரு கண்ணாடி வாங்கித் தராத மனிதர் என்று எனக்கு அவர்மேல் எரிச்சல்.

தொண்ணூற்றாறு மழைக்காலத்தில், வெளிநாட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் அமெரிக்க ஆசிரியை ஒருவர் விரிசல் விட்ட மர முகமூடியைக் கொண்டுவந்தார். செரோக்கி என்ற பூர்வகுடியைச் சேர்ந்தவர். ஆட்டத்தில் அணிய அவருடைய அப்பா செதுக்கியதாம். விரிசலை ஒட்டித் தந்தால் போதும் என்றார். எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வரும் என்பதால் பேச்செல்லாம் என் வழியாகத்தான்.

மறுவாரம் ஆசிரியை வந்தபோது அண்ணன் துணியை விலக்கிக் காட்டினார். முகமூடியெங்கும் இருந்த சின்னச் சின்னக் குழிகளில் ஒன்றுகூட இல்லை. உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்திருந்தார்.

"என் மூஞ்சி மாதிரி இருந்துச்சு பாய். பாவமா இருந்துச்சு, வழிச்சு விட்டுட்டேன். இந்த டீச்சர் சயாமாகிட்ட சொல்லுங்க," என்றார் பெருமையாக.

ஆசிரியை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு அவர் சொன்னதை நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. அந்த இங்கிலீஷைக் கற்காமலே இருந்திருக்கலாம். அது அவர் அப்பாவின் முகமேதான். அம்மையில் பிழைத்தவர், பிள்ளைகள் தன்னைக் கண்டு பயப்படக் கூடாதென்று கண்ணாடி பார்த்துக் குழி குழியாகத் தன் முகத்தையே செதுக்கி, அதைப் போட்டு ஆடிச் சிரிக்கவைத்தாராம். போட்டோ ஒன்றும் கிடையாது. அப்பா முகமென்று மிஞ்சியிருந்தது இது ஒன்றுதான்.

"இந்த மூஞ்சிய ஒருத்தர் வேணும்னே செதுக்குனாரா?" என்று கேட்டார் அண்ணன். வாசலில் நின்ற மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "ராணி, ஓடிப்போய் பாய் வீட்டுக் கண்ணாடிய எடுத்துட்டு வா."

கண்ணாடி வந்ததும் அதைப் பார்த்து லுங்கி முனையால் சாந்தை அழுத்தித் துடைத்தார். உளியை எடுத்தார். "என் குழியப் பார்த்து வச்சுத் தர்றேன்னு சொல்லுங்க பாய்."

சொன்னேன். ஆசிரியை அண்ணனின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு வேண்டாம் என்று தலையை அசைத்தார். வைத்தால் அது உங்கள் முகமாகிவிடும், என் அப்பாவுடையது ஆகாது என்றார். முகமூடியை மார்போடு அணைத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனார்.

ராணி என்னிடம் திருப்பித் தர, அண்ணன் முன்னாலிருந்த கண்ணாடிக்குக் கை நீட்டினாள்.

"இருக்கட்டும்," என்றார் அண்ணன், அதிலிருந்து கண்ணை எடுக்காமல்.